ரிலே சத்தம் கேட்காத ஆம்ப்ளிஃபையர்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையர் சுவிட்சைப் போட்ட உடனே பாடாது. முகப்பில் சிவப்பு விளக்கு எரியும், நான்கு வினாடி கழித்து உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பிறகுதான் ஸ்பீக்கரில் ஒலி வரும். 2003-ல் சென்னையில் புதிதாக வாங்கியது. ஜப்பானிய நிறுவனத்தின் தயாரிப்பு, சேனலுக்கு 60 வாட், தூக்கினால் முதுகைப் பிடித்துக்கொள்ளும் எடை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அது வருவதற்குள் காப்பித் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காரும் பழக்கமே எனக்கு வந்துவிட்டது. கடந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒருநாள், மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பிய மாலையில், விளக்கு எரிந்தது, ஆனால் ‘டக்’ வரவில்லை. அணைத்துவிட்டு மீண்டும் போட்டேன், அப்போதும் வரவில்லை.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற பேச்சு அன்று இரவே வீட்டில் தொடங்கிவிட்டது. புதிது வாங்கிவிடலாம் என்றான் மகன்; இருக்கிற ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா என்றாள் மனைவி. நானோ எதுவும் தெரியாமலேயே பழுது பார்த்துவிடலாம் என்ற கட்சியில் இருந்தேன். இப்போது நினைத்தால் மூவருமே அவசரப்பட்டிருக்கிறோம். உள்ளே எது கெட்டிருக்கிறது என்று தெரியாத நிலையில் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. 50 ரூபாய் ரெசிஸ்டருக்கும், இனிக் கிடைக்கவே கிடைக்காத ஒரு மின்சுற்றுப் பலகைக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் உண்டு. அவற்றை நான் ஓரளவு முறையாகச் செய்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் வயர்கள் நான்கையும் கழற்றினேன். வயரில் ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காத்துக்கொள்ள ரிலேயை, அதாவது ‘டக்’ என்ற சத்தத்தோடு ஸ்பீக்கருக்கு இணைப்புக் கொடுக்கும் உள் சுவிட்சை, இணைக்காமல் விட்டுவிடும். வயர்கள் இல்லாத நிலையில் சுவிட்சைப் போட்டு, ‘டக்’ கேட்டால் கோளாறு வெளியே இருக்கிறது, கேட்காவிட்டால் உள்ளே இருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. விளக்கு எரிந்ததால் மெயின் பியூஸ் போகவில்லை என்பதும் தெரிந்தது. இதற்கு மேல் மூடியைத் திறந்து கைவைக்க நான் துணியவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பது கல்லூரிக் காலத்தில் ஒருமுறை உதறல் வாங்கித் தெரிந்துகொண்ட பாடம்.

அடுத்து நான் செய்த காரியம்தான் இந்த அனுபவத்திலேயே மிகவும் விலை கூடிய தவறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலையச் சோம்பல்பட்டு, வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொன்ன ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்தேன். அவர் மூடியைத் திறந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “புரொடெக்‌ஷன் ரிலே போயிடுச்சு சார், நேரா கொடுத்துடறேன்” என்று சொல்லி, ரிலேயின் கால்களுக்கு இடையில் ஒரு வயர்த் துண்டைச் சால்டர் செய்தார். ஸ்பீக்கரை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். வலப்பக்க ஊஃபரின், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கரின், கூம்பு ‘தொப்’ என்று முன்னால் எகிறி அப்படியே நின்றது. திரும்பவில்லை, அதிரவும் இல்லை. மூன்று நான்கு வினாடிக்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஊஃபருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது.

ரிலே எதற்காக இருக்கிறது என்பதை அந்த வாடைக்குப் பிறகுதான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியது மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்; அதில் நேர்மின்சாரம், அதாவது டிசி, கலக்கவே கூடாது. சில பத்து மில்லிவோல்ட் வரை இருந்தால் பாதகமில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபையரின் கடைசிக் கட்டத்தில் ஒலியைப் பெருக்கும் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், மின்வழங்கியின் முழு வோல்டேஜும் வெளியே வந்துவிடும். எங்கள் ஆம்ப்ளிஃபையரில் அது 42 வோல்ட் என்று பின்னர் அளந்து தெரிந்தது. 8 ஓம் ஸ்பீக்கரில் 42 வோல்ட் டிசி ஏறினால் 200 வாட்டுக்கு மேல் வெப்பமாக மட்டும் இறங்கும், இசையாக ஒரு துளியும் வராது. அதைத் தடுக்கத்தான் ரிலே இணைப்புக் கொடுக்காமல் நிற்கிறது. எங்கள் ரிலே கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. வீட்டுக் காவல்காரன் கதவைத் திறக்க மறுத்தான் என்று அவனையே வெளியே அனுப்பிவிட்ட கதையாக ஆகிவிட்டது எங்கள் கதை. உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் மட்டும் பிழைத்தது. அதற்கு முன்னால் இருக்கும் சிறு கண்டன்சர் டிசியை விடாது.

ஆகவே ‘டைரக்ட்டா கொடுத்துடறேன்’ என்ற சொல் எந்த மெக்கானிக் வாயிலிருந்து வந்தாலும் பெட்டியை மூடி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. உண்மையிலேயே ரிலே கெட்டால் அதன் அறிகுறி வேறு. உள்ளிருக்கும் தொடுமுனைகள் கறுத்துப்போய், குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மங்கும் அல்லது நின்றுவிடும், ஒலியைச் சட்டென்று கூட்டினால் திரும்ப வரும். அப்போதும் புதிய ரிலே மாற்றுவதுதான் வழி. அதன் விலை சில நூறு ரூபாய்.

இத்தனைக்கும் பிறகு புதிது வாங்கும் எண்ணம் எனக்கே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைக்குப் போய்ப் பார்த்தேன். என் பழைய பெட்டியின் இடத்தை நிரப்பக்கூடிய புதிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 40,000 ரூபாய்க்குக் குறைந்து கிடைக்கவில்லை. உள்ளங்கை அகலத்தில், கிளாஸ் டி எனப்படும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகையில், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு பெட்டிகளையும் கேட்டுப் பார்த்தேன். அவற்றை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சூடாவதில்லை, மின்சாரம் குறைவாக இழுக்கின்றன, சிறிய அறைக்கு ஒலியும் போதும். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு சிப் போனால் மொத்தப் பெட்டியும் போன மாதிரிதான், பழுது பார்ப்பவர்களும் தொட விரும்புவதில்லை. என்னிடம் இருக்கும் இசைத்தட்டு சுழலிக்குத் தேவையான போனோ உள்ளீடும் நான் பார்த்தவற்றில் இல்லை. அதற்குத் தனியாக ஒன்று வாங்கி இணைக்க வேண்டும்.

முடிவெடுக்காமல் திரும்பி வந்து, நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டு, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் செல்பேசி உறைகளும் சிசிடிவி கேமராக்களும் தொங்கும் கடைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அவர். எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்ன கோளாறு என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தி, “மொதல்ல பாக்குறதுக்கு ஐநூறு ரூபா சார். செய்யலைன்னாலும் அது என்னோடது. செஞ்சா பில்லுல கழிச்சிக்கிறேன்” என்றார். முன்பின் தெரியாத எனக்கு அது கறாராகப் பட்டது. இப்போதோ, பார்ப்பதற்குத் தனியாகக் காசு கேட்காத மெக்கானிக்கிடம்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. கண்டறிவதற்குக் கூலி இல்லையென்றால், பழுதுபார்த்தே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்துவிடுகிறது. “இதைச் செய்யாதீர்கள், விட்டுவிடுங்கள்” என்று சொல்ல அவருக்கு வழியே இல்லாமல் போகிறது.

பாய் முதலில் அந்த வயர்த் துண்டை எடுத்துப்போட்டார். பிறகு பெட்டியை நேராகக் கரண்ட்டில் செருகாமல், ஒரு மரப்பலகையில் 100 வாட் குண்டு பல்பு பொருத்திய சீரீஸ் லேம்ப் வழியாகச் செருகினார். உள்ளே பெரிய ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டிக்கு மேற்கொண்டு சேதம் வராது. நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிடும். எங்கள் பெட்டியில் பல்பு மங்கியது, ஆனால் ரிலேக்கு முன்னால் மீட்டரை வைத்தபோது வலப்பக்கச் சேனலில் டிசி நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் கணக்கில், ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கும் பெட்டியும் பிழைத்திருந்தால் பாதிக்கு மேல் விலை பிழைத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் போயிருந்தாலும் உடனே கைவிட வேண்டியதில்லை, சுற்றியிருக்கும் தாளுக்குள் ஒளிந்திருக்கும் வெப்பப் பியூஸ் மட்டும் போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் காட்டியதை நான் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலப்பக்கப் பலகையில், இரண்டு கண்டன்சர்கள் ஆடாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ஊற்றிய பசை, வெல்லப்பாகு காய்ந்ததுபோல் பழுப்பாக இறுகிக் கிடந்தது. வாங்கியபோது அது வெளிறிய மஞ்சளாக இருந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சூடுபட்டால் அந்தப் பசை கறுத்து, மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். தொட்டுக்கொண்டிருக்கும் உலோகக் கால்களையும் அரித்துவிடும். பக்கத்தில் இருந்த, திருப்பி அளவு மாற்றும் பிரீசெட் என்ற சிறு பாகத்தின் ஒரு கால் பச்சை பூத்து, பாய் ஊசியால் தொட்டதும் உதிர்ந்தது. பவர் டிரான்சிஸ்டர்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதை அந்தப் பிரீசெட்தான் தீர்மானிக்கிறது. அந்தக் கால் விட்டுப்போனதும் டிரான்சிஸ்டர்கள் கட்டுப்பாடில்லாமல் சூடேறி, ஒன்று ஷார்ட் ஆகி, அதன் ஜோடியின் ரெசிஸ்டர் பிளந்திருக்கிறது. மின்வெட்டு முடிந்து வந்த கரண்ட்டின் மேல் நான் போட்டிருந்த பழி பொய்யாகிவிட்டது.

ஷார்ட் ஆன டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் பெட்டி அன்றே பாடியிருக்கும், ஒரு வாரத்தில் மறுபடியும் எரிந்திருக்கும். பழுது பார்த்தும் நிற்கவில்லை, காசு போனதுதான் மிச்சம் என்று சொல்லும் பலரின் பெட்டிகளில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏன் கெட்டது என்று மெக்கானிக்கால் சொல்ல முடியவில்லை என்றால், எது கெட்டது என்று அவர் சொல்வதற்குப் பெரிய மதிப்பில்லை.

பாய் சொன்ன தொகை 6,500 ரூபாய். இதில் இரண்டு சேனல்களிலும் பசையைச் சுரண்டி எடுப்பது, பிரீசெட்டுகள், பவர் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி, ரெசிஸ்டர்கள், ரிலே, கூலி எல்லாம் அடக்கம். எரிந்த ஊஃபருக்குக் காயில் மாற்ற வேறோர் இடத்தில் 1,400 ரூபாய். இதை எதனோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். 2003-ல் கொடுத்த விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை, அது போன காசு. புதிய பெட்டியின் 40,000 ரூபாயோடு ஒப்பிட்டால் எந்தப் பழுதும் மலிவாகவே தெரியும். நான் கடைசியில் எடுத்துக்கொண்ட அளவுகோல், இதே மாடல் நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்பது. விசாரித்ததில் 15,000 முதல் 18,000 வரை சொன்னார்கள். பழுதுச் செலவு அதில் பாதிக்குள் இருந்ததால் சரி என்றேன். பாதியைத் தாண்டியிருந்தால், வேலை செய்துகொண்டிருக்கும் இன்னொரு பழைய பெட்டியை வாங்கிவிட்டு இதை உதிரிபாகத்துக்கு வைத்துக்கொண்டிருப்பேன். அப்படித் தேடுகிறவர்கள் ஜப்பானிலிருந்து நேராக வந்த பெட்டியா என்று பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே 100 வோல்ட் என்று எழுதியிருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டுக்கு நடுவில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் செலவு காத்திருக்கிறது.

உதிரிபாகம் வாங்க பாய் என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார். பழைய டிரான்சிஸ்டர்கள் இப்போது வருவதில்லை. பதிலுக்குப் பொருந்தும் 5200, 1943 என்ற எண்ணுள்ள ஜோடியைக் கேட்டோம். ஒரு கடையில் ஜோடி 80 ரூபாய், இன்னொரு கடையில் 450. மலிவானதை பாய் என் கையில் கொடுத்து, பழையதை மறு கையில் வைத்தார். புதியது கனமே இல்லை. மேலே இருந்த எழுத்து நகத்தால் சுரண்டியதும் மங்கியது. உள்ளே சிறு சில்லை வைத்துவிட்டுப் பெரிய எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள், மெல்லிய ஒலியில் ஓடும், கொஞ்சம் கூட்டினால் போய்விடும் என்றார். எங்கள் வேலைக்கு அவர் இரண்டு கடையையும் விட்டுவிட்டு, உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் ஆன்லைனில் வரவழைத்தார். அதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒரே நாளில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன். இருபது ஆண்டு ஆகிவிட்டதே, பெரிய கண்டன்சர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். இணையத்தில் படித்த அறிவு. பாய் மறுத்தார். தலை உப்பவில்லை, ஒழுகவில்லை, அளந்து பார்த்தால் குறையவும் இல்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது. 85 டிகிரி வெப்பத்தில் 2,000 மணி நேரம் என்று போட்டிருக்கும் கண்டன்சருக்கு, ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக்கணக்கு. எங்கள் பெட்டியின் உட்புறம் 45 டிகிரி என்று வைத்தால் 32,000 மணி நேரம் வருகிறது. நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்கும் வீட்டில் அது 29 ஆண்டு. நன்றாக இருப்பதை மாற்றுவதில் செலவு மட்டுமல்ல, சால்டரிங் சூட்டில் பழைய பலகையின் செம்புப் பட்டைகள் பெயர்ந்துவிடும் அபாயமும் இருக்கிறது.

பெட்டி தயாரானதும் சீரீஸ் லேம்ப்பில் முதலில் ஓட்டி, பிறகு நேராக இணைத்து, இருபது நிமிடம் சூடாக விட்டு, 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 11 மில்லிவோல்ட் வரும்வரை புதிய பிரீசெட்டைத் திருப்பினார். அதாவது சும்மா இருக்கும்போது டிரான்சிஸ்டர் இழுக்கும் மின்சாரம் 50 மில்லிஆம்பியர். ஸ்பீக்கர் முனையில் டிசி இடப்பக்கம் 14, வலப்பக்கம் 9 மில்லிவோல்ட். இந்த எண்களைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கினேன். இரண்டையும் கேட்டால் நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்று மாதம் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் பழுது பார்க்கக் கிளம்ப வேண்டாம். அதே மாதத்தில் என் மைத்துனர் தம் வீட்டு 5.1 ரிசீவரை, அதாவது சினிமா ஒலியை ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துத் தரும் பெட்டியை, கொண்டுவந்தார். அதில் ஆம்ப்ளிஃபையர் பகுதி கல்லுப்போல் இருக்கிறது, எச்டிஎம்ஐ பலகைதான் படம் காட்டவில்லை. காலே தெரியாமல் அடியில் குண்டு குண்டாக ஒட்டப்பட்ட சிப்புகள், நிறுவனம் இப்போது தராத பலகை, செய்தாலும் பொறுப்பு இல்லை. பாய் ஐநூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, “விட்டுடுங்க மச்சான்காரரே” என்று சிரித்தார். மைத்துனர் அதைப் பின்பக்க ஆர்சிஏ உள்ளீட்டில் சாதாரண ஸ்டீரியோவாக ஓட்டிக்கொண்டு, படத்துக்கு டிவியிலேயே நேராக இணைத்துவிட்டார். ஒலியை டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ரிசீவருக்கு எடுக்கிறார். ஒழுங்கான ஏற்பாடு இல்லைதான், ஆனால் அவர் வீட்டில் யாரும் வித்தியாசம் சொல்லவில்லையாம்.

எங்கள் வீட்டில் ‘டக்’ திரும்பிவிட்டது. ஆனால் முன்பு போல நான்கு வினாடியில் வருவதில்லை. ரிலே புதிது என்பதாலோ என்னவோ சத்தமும் சற்றுக் கனமாக இருக்கிறது. எந்த உள்ளீட்டைக் கேட்பது என்று தெரிவு செய்யும் குமிழ் மட்டும் இன்னும் கரகரக்கிறது. அதற்கு ஸ்ப்ரே அடித்துத் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார். அதுவரை கச்சேரி கேட்க உட்காரும்போது இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பிக்கொள்கிறேன்.